எஸ்எஸ்ஹெச் சர்வர் கிளம்பவில்லை என்றால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில், கணக்கர் அறையின் மூலையில், யுபிஎஸ் பெட்டிக்கு அருகே, மானிட்டர் கூட இல்லாமல் ஒரு லினக்ஸ் கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆர்டர் விவரம், நூல் இருப்பு, பீஸ் ரேட் கூலிக் கணக்கு ஆகிய அனைத்தும் அதற்குள்தான் இருக்கும். அதைப் பராமரிப்பவர் பெரும்பாலும் அங்கே இருக்க மாட்டார். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ உட்கார்ந்துகொண்டு தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்து வேலையை முடித்துவிடுவார். அந்த எஸ்எஸ்ஹெச் சர்வர் ஒரு நாள் காலையில் கிளம்பவில்லை என்றால், கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் போகும் வாசல் மட்டும் அடைபட்டுவிடும். அந்த நிலையில் முதன்முறையாக மாட்டிக்கொள்பவர் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதை, நான் இந்த வேலையில் கற்ற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளை, கணினியின் முன்னால் நிற்பவருக்குத் தொலைபேசியில் சொல்வது போலவே, தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் காதுக்கு ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகள் ஒரே ‘டி’யாக ஒலிப்பது இந்த வேலையில் பெரிய இடைஞ்சல். ஆகவே குழப்பம் வரும் இடங்களில் ‘டைகர் டி’ என்றும் ‘டெல்லி டி’ என்றும் பிரித்துச் சொல்கிறேன். சர்வர் நிரலின் பெயரான எஸ்எஸ்ஹெச்டி என்பதன் கடைசி எழுத்து டெல்லி டி.

முதலில் நோயைச் சரியாக அறிய வேண்டும்

உங்கள் கணினியிலிருந்து உள்ளே நுழைய முயலும்போது என்ன செய்தி வருகிறது என்பதைக் கவனியுங்கள். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால், பெரும்பாலும் அந்தக் கணினி உயிரோடுதான் இருக்கிறது, அந்த போர்ட்டில் (இணைப்புகள் வந்து சேரும், எண்ணிட்ட வாசலில்) கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய நிரல்தான் அங்கே இல்லை என்று பொருள். வெகுநேரம் காத்திருந்து ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்று வந்தால், இணைய இணைப்பையோ, ரூட்டரையோ, ஃபயர்வாலையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். ‘பெர்மிஷன் டினைடு’ என்று வந்தால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடவுச்சொல்லிலோ கீயிலோதான் கோளாறு. இந்தக் கட்டுரை முதல் வகைக்கு உரியது. இதைப் பிரித்தறியாமல், ரூட்டரில் இருந்த கோளாறுக்காக நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வரின் கோப்புகளைத் திருத்திக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாசல் அடைபட்டிருப்பதால் கணினியின் எதிரில் ஒருவர் நின்றாக வேண்டும். கம்பெனிக் கணினி என்றால் ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டச் சொல்லுங்கள். வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர் என்றால், வழங்குநரின் இணையப் பக்கத்தில் கன்சோல் என்ற பொத்தான் இருக்கும். எங்காவது ஒரு பழைய எஸ்எஸ்ஹெச் சாளரம் இன்னும் திறந்திருந்தால் அதை மூடவே கூடாது. சர்வர் நிரல் நின்றுபோனாலும், ஏற்கெனவே உள்ளே நுழைந்தவரின் இணைப்பு பொதுவாக அறுந்துபோவதில்லை. உங்களிடம் இருக்கும் கடைசி வாசல் அதுவாக இருக்கலாம்.

‘அணைத்துப் போட்டுப் பாருங்கள்’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். இந்தக் கோளாறுக்கு அது பெரும்பாலும் மருந்தாவதில்லை, ஏனெனில் மறுபடி கிளம்பும்போதும் சர்வர் அதே அமைப்புக் கோப்பைத்தான் வாசிக்கும், அதே இடத்தில்தான் தடுக்கி விழும். இடையில் அந்தத் திறந்திருந்த பழைய சாளரமும் போய்விடும். எஸ்எஸ்ஹெச் சர்வரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதும் இப்போதைக்கு வேண்டாம்.

நிலையைக் கேட்பது

‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்ஹெச்’ என்று தட்டச் சொல்லுங்கள். சூடோ என்பது, அடுத்து வரும் கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. சிஸ்டம்சிடிஎல் என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல். அதில் வருவது டைகர் டி. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் சேவையின் பெயர் எஸ்எஸ்ஹெச். ஃபெடோரா, ரெட் ஹேட், ராக்கி, அல்மா ஆகியவற்றில் அதே சேவையின் பெயர் எஸ்எஸ்ஹெச்டி. பெயர் மாறினால் ‘அப்படி ஒரு யூனிட் இல்லை’ என்று பதில் வரும். அதைப் பார்த்துச் சர்வரே காணாமல் போய்விட்டது என்று பதறத் தேவையில்லை.

வரும் பதிலில் ‘ஆக்டிவ்’ என்று தொடங்கும் வரியைத்தான் படிக்கச் சொல்ல வேண்டும். அதில் ‘ஃபெயில்டு’ என்று இருந்தால் சர்வர் கிளம்ப முயன்று தோற்றிருக்கிறது. ‘இன்ஆக்டிவ்’ என்று இருந்தால் யாரும் கிளப்பவில்லை. அதற்கு மேலே ‘லோடட்’ என்று தொடங்கும் வரியில் ‘மாஸ்க்டு’ என்று இருந்தால் யாரோ வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்கள். ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் அன்மாஸ்க் எஸ்எஸ்ஹெச்’ என்று திறந்துவிடலாம், ஆனால் பூட்டியவரிடம் காரணத்தைக் கேட்டுவிட்டுத் திறப்பது முறை.

உபுண்டுவின் புதிய பதிப்புகளில் ஒரு நுணுக்கம் உண்டு. 22.10 பதிப்பிலிருந்து, போர்ட்டில் காத்திருக்கும் வேலையை ‘எஸ்எஸ்ஹெச் டாட் சாக்கெட்’ என்ற தனி யூனிட் பார்த்துக்கொள்கிறது. முதல் ஆள் கதவைத் தட்டும்போதுதான் சர்வர் எழுப்பப்படுகிறது. ஆகவே அங்கே சேவை ‘இன்ஆக்டிவ்’ என்று காட்டுவது மட்டுமே கோளாறு ஆகாது. ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்ஹெச் டாட் சாக்கெட்’ என்றும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

சர்வரிடமே காரணம் கேட்பது

இந்த வேலையில் மிக அதிகம் பயன்படும் கட்டளை இதுதான்: ‘சூடோ ஸ்லாஷ் யுஎஸ்ஆர் ஸ்லாஷ் எஸ்பின் ஸ்லாஷ் எஸ்எஸ்ஹெச்டி’, அதன் பிறகு ஓர் இடைவெளி, ஹைஃபன், சிறிய டைகர் டி. இது சர்வரைக் கிளப்பாமல், அமைப்புக் கோப்பையும் ஹோஸ்ட் கீகளையும் (சர்வர் தன்னை யார் என்று நிரூபிக்கும் சாவிக் கோப்புகளையும்) மட்டும் சோதித்துப் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிடும். கோளாறு இருந்தால் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்பது வரை சொல்லும். நிரலின் பெயரை முழுப் பாதையோடு எழுதுவது நல்ல பழக்கம். சோதிக்காமல் சர்வரைக் கையால் கிளப்பும்போது வெறும் பெயரைத் தந்தால், முழுப் பாதை வேண்டும் என்று சொல்லி மறுத்துவிடும்.

அந்த டைகர் டியில் ஒரு முறை எனக்கு அரை மணி நேரம் போயிற்று. சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நின்ற தம்பிக்கு நான் வெறுமனே ‘டி’ என்று சொல்லிவிட்டேன். அவர் டெல்லி டியைத் தட்டினார். “டீபக் ஒன், டீபக் ஒன்னுன்னு வரிசையா வந்து அப்படியே நின்னுருச்சுங்கண்ணா” என்றார். டெல்லி டி போட்டால் சர்வர் ‘டீபக்’ என்ற பிழை தேடும் நிலையில் உண்மையாகவே கிளம்பி, போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, திரையை விடாமல் நிற்கும். அது தெரியாமல் வேறொரு திரையில் சேவையைக் கிளப்பச் சொன்னேன்; போர்ட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று அது மறுத்தது, நாங்கள் இல்லாத ஒரு நோயைத் தேடிக்கொண்டிருந்தோம். அப்படி நேர்ந்தால் கன்ட்ரோல் கீயோடு சி எழுத்தை அழுத்தி வெளியே வந்துவிடலாம். எழுத்துகளைப் பிரித்துச் சொல்லும் பழக்கம் எனக்கு அன்று வந்தது.

சோதனை எதுவும் சொல்லாமல் முடிந்தும் சேவை கிளம்பவில்லை என்றால், ‘சூடோ ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் யு எஸ்எஸ்ஹெச் ஹைஃபன் பி’ என்று தட்டி, இந்த முறை கணினி கிளம்பியதிலிருந்து அந்தச் சேவை எழுதிய பதிவுகளைப் பாருங்கள். இங்கே வரும் பி, பாம்பேயின் பி. பட்டியலின் கடைசியில் இருக்கும் ‘ஃபெயில்டு டு ஸ்டார்ட்’ என்ற வரி, சேவைகளைக் கிளப்பிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி என்ற நிரல் சொல்வது. அதில் காரணம் இருக்காது. அதற்குச் சற்று மேலே, எஸ்எஸ்ஹெச்டி என்ற பெயரோடு வரும் வரிதான் நமக்கு வேண்டியது. ‘எக்ஸிட் ஸ்டேட்டஸ் 255’ என்பதை மட்டும் குறித்துக்கொண்டு தேடுபவர்கள் உண்டு. எந்தக் கோளாறானாலும் பெரும்பாலும் அதே எண்தான் வரும், அதனால் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அமைப்புக் கோப்பில் பிழை

முந்தைய நாள் யாராவது எதையாவது திருத்தினார்களா என்று கேளுங்கள். கோப்பு இருக்கும் இடம் ‘ஸ்லாஷ் இடிசி ஸ்லாஷ் எஸ்எஸ்ஹெச் ஸ்லாஷ் எஸ்எஸ்ஹெச்டி அண்டர்ஸ்கோர் கான்ஃபிக்’. அதே கோப்புறையில் டெல்லி டி இல்லாமல் ‘எஸ்எஸ்ஹெச் அண்டர்ஸ்கோர் கான்ஃபிக்’ என்று இன்னொரு கோப்பும் இருக்கும். அது அந்தக் கணினியிலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கு உரியது. திறப்பதற்கு முன்பு பெயரை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைப்பதையும் மறக்க வேண்டாம்.

‘பேட் கான்ஃபிகரேஷன் ஆப்ஷன்’ என்று வந்தால் அந்த வரியில் உள்ள சொல் சர்வருக்குப் புரியவில்லை. எழுத்துப்பிழையாகவோ, இந்தப் பதிப்பில் இல்லாததாகவோ இருக்கும். ‘டெப்ரிகேட்டட் ஆப்ஷன்’ என்று வந்தால் அது பழைய சொல் என்ற எச்சரிக்கை மட்டுமே. சர்வர் கிளம்பாததற்கு அது காரணம் அல்ல, வேறு வரியைத் தேடுங்கள். மறையாக்க முறைகளின் பட்டியலைப் பழைய சர்வரிலிருந்து அப்படியே கொண்டுவந்து ஒட்டினால், நீக்கப்பட்ட முறை ஒன்று அதில் இருந்தாலும் போதும், ‘பேட் எஸ்எஸ்ஹெச்2 சைஃபர் ஸ்பெக்’ என்று சொல்லி நின்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. வாட்ஸ்ஆப்பில் வந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டும்போது, நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகவும், ஹைஃபன் சற்று நீண்ட கோடாகவும் மாறியிருக்கும். ரூட் என்ற தலைமைப் பயனர் கடவுச்சொல்லால் நுழையக் கூடாது என்பதற்கான ‘ப்ரொஹிபிட் ஹைஃபன் பாஸ்வேர்டு’ என்ற மதிப்பில் அந்தக் கோடு மாறியிருந்தால், திரையில் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். சர்வரோ ‘அன்சப்போர்டட் ஆப்ஷன்’ என்று மறுக்கும். வரி எண் சொல்லப்பட்டும் உங்கள் கண்ணுக்குப் பிழை தெரியவில்லை என்றால், அந்த வரியை முழுவதும் அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி தவறுவது ‘மேட்ச்’ என்று தொடங்கும் பகுதியில். அந்தச் சொல்லுக்குக் கீழே வருகிற அத்தனை வரிகளும், அடுத்த மேட்ச் வரும் வரையில், அல்லது கோப்பு முடியும் வரையில், அந்த நிபந்தனைக்கு மட்டுமே உரியவை. வரியை உள்ளே தள்ளி எழுதுவதாலோ வெற்று வரி விடுவதாலோ அந்தப் பகுதி முடிந்துவிடாது. புதிதாக ஒரு போர்ட் எண்ணைக் கோப்பின் அடியில் சேர்த்தால், அது கடைசி மேட்ச் பகுதிக்குள் விழுந்து, மேட்ச் பகுதிக்குள் அதற்கு அனுமதி இல்லை என்று சர்வர் நின்றுவிடும். பொதுவான வரிகளை மேட்ச்சுக்கு மேலே எழுதுங்கள். ஒரே அமைப்பு இரண்டு இடங்களில் இருந்தால் முதலில் வாசிக்கப்படுவதே செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்; உபுண்டுவில் கோப்பின் தொடக்கத்திலேயே ‘எஸ்எஸ்ஹெச்டி அண்டர்ஸ்கோர் கான்ஃபிக் டாட் டி’ (டெல்லி டி) என்ற கோப்புறையில் உள்ள துணைக் கோப்புகள் உள்ளே இழுக்கப்படுவதால், பிழையோ முரணோ அங்கேயும் இருக்கலாம்.

கோப்பு மிகவும் சிதைந்துவிட்டது என்றால், டெபியன், உபுண்டு இரண்டிலும் ‘ஸ்லாஷ் யுஎஸ்ஆர் ஸ்லாஷ் ஷேர் ஸ்லாஷ் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்’ என்ற கோப்புறையில் பழுதில்லாத மூலப்பிரதி ஒன்று இருக்கும். அதை நகலெடுத்து வைத்துவிட்டு, உங்கள் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் டைகர் டி சோதனையை ஓட்டுங்கள்.

ஹோஸ்ட் கீ

‘நோ ஹோஸ்ட்கீஸ் அவெய்லபிள்’ என்ற செய்தி வந்தால், தன்னை யார் என்று நிரூபிக்கும் கீ கோப்பு ஒன்று கூட இல்லாமல் சர்வர் கிளம்ப மறுக்கிறது. பல்லடம் சாலையில் ஒரு நிட்டிங் யூனிட்டுக்காகப் புதிதாக ஒரு கணினியை ஒரு மாலையில் அமைத்தோம். கீ கோப்புகள் உருவான கையோடு மின்சாரம் போனது. யுபிஎஸ்ஸுக்கு இன்னும் இணைப்புக் கொடுத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் நான் கோயம்புத்தூரிலிருந்து முயன்றபோது கதவு திறக்கவில்லை. அங்கிருந்த தம்பியை ‘எல்எஸ் ஹைஃபன் எல் ஸ்லாஷ் இடிசி ஸ்லாஷ் எஸ்எஸ்ஹெச்’ என்று தட்டி, ஒவ்வொரு கோப்பின் அளவையும் படிக்கச் சொன்னேன். “கீ-ன்னு முடியற மூணுக்கும் சைபர்னுதான் காட்டுதுங்கண்ணா” என்றார். கோப்பின் பெயர் வட்டில் எழுதப்பட்டிருந்தது; உள்ளடக்கம் நினைவகத்திலிருந்து வட்டில் இறங்குவதற்குள் மின்சாரம் போயிருந்தது.

அப்படி இருந்தால், சைபர் அளவுள்ள கீ கோப்புகளை அழித்துவிட்டு, ‘சூடோ எஸ்எஸ்ஹெச் ஹைஃபன் கீஜென் ஹைஃபன் பெரிய ஏ’ என்று தட்டினால், இல்லாத வகைகளை மட்டும் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். உள்ளடக்கம் இருக்கும் கீகளைத் தொடாதீர்கள். கீ மாறிவிட்டால், அந்தச் சர்வருக்குள் முன்பு நுழைந்த ஒவ்வொரு கணினியிலும் ‘ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்டு’ என்ற பெரிய எச்சரிக்கை வரும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகக் கூடாது. கன்சோலில் நிற்பவரை ‘எஸ்எஸ்ஹெச் ஹைஃபன் கீஜென் ஹைஃபன் எல்எஃப்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, டாட் பப் என்று முடியும் கீ கோப்பின் (யாரும் பார்க்கலாம் என்ற பொதுப் பாதியின்) முழுப் பாதையைத் தரச் சொன்னால், அதன் கைரேகை வரும். அதைத் தொலைபேசியில் எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லி, உங்கள் திரையில் வருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால், உங்கள் பக்கம் ‘எஸ்எஸ்ஹெச் ஹைஃபன் கீஜென் ஹைஃபன் பெரிய ஆர்’ என்று தட்டி, சர்வரின் பெயரைத் தந்து பழைய பதிவை நீக்கிவிடுங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு எந்தக் கோப்பைத் திருத்த முயன்றாலும் ‘ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தால், வட்டின் கோப்பு முறையே பழுதுபட்டு, பாதுகாப்புக்காக எழுதுவதை நிறுத்தியிருக்கிறது. அப்போது எஸ்எஸ்ஹெச்சை விட்டுவிட்டு, மீட்பு நிலையில் கிளப்பி, வட்டை எஃப்எஸ்சிகே என்ற கருவியைக் கொண்டு சரிபார்ப்பதுதான் முதல் வேலை.

அனுமதிகள்

கீ கோப்பு இருந்தும், ‘அன்ப்ரொடெக்டட் பிரைவேட் கீ ஃபைல்’ என்று வந்தால், அதை எல்லோரும் படிக்கும்படி யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். ‘எழுத முடியவில்லை’ என்ற ஒரு சிறு தொல்லைக்காக ஒரு கோப்புறை முழுவதற்கும் 777 என்று, அதாவது யாரும் படிக்கவும் எழுதவும் முடியும்படி, அனுமதி தருகிற பழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். கீ கோப்புகளுக்கு 600, டாட் பப் கோப்புகளுக்கு 644 என்று சிஹெச்மாட் கட்டளையால் திருத்த வேண்டும். உரிமையாளர் ரூட்டாக இருக்க வேண்டும். இடிசி கோப்புறை முழுவதற்கும் 777 தரப்பட்டிருந்தால், சூடோவும் தன் கோப்பு பாதுகாப்பாக இல்லை என்று வேலை செய்ய மறுக்கும். அப்போது ரூட்டாக மீட்பு நிலையில்தான் நுழைந்தாக வேண்டியிருக்கும்.

‘மிஸ்ஸிங் ப்ரிவிலேஜ் செபரேஷன் டைரக்டரி’ என்ற செய்தியை டெபியனிலும் உபுண்டுவிலும் காணலாம். ‘ஸ்லாஷ் ரன் ஸ்லாஷ் எஸ்எஸ்ஹெச்டி’ என்ற கோப்புறை நினைவகத்தில் மட்டும் வாழ்வது. கணினி அணைந்தால் மறைந்துபோகும், சேவை கிளம்பும்போது சிஸ்டம்டி அதை உருவாக்கித் தரும். சேவை நின்றிருக்கும் நேரத்தில் நீங்கள் கையால் சோதனை ஓட்டுவதனாலேயே இந்தச் செய்தி வரக்கூடும். ‘சூடோ எம்கேடிர் ஹைஃபன் பி’ (இங்கே வருவது பாரிஸின் பி) என்று தட்டி அந்தக் கோப்புறையை உருவாக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். பெரும்பாலும் உண்மையான காரணம் அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

போர்ட்

1995ஆம் ஆண்டு ஃபின்லாந்தில் டாட்டு யுலோனன் எஸ்எஸ்ஹெச்சை உருவாக்கியபோது, 21ஆம் எண் எஃப்டிபிக்கும் 23ஆம் எண் டெல்நெட்டுக்கும் போயிருந்ததால், இடையில் இருந்த 22ஐக் கேட்டுப் பெற்றார். அதை 2222 போன்ற வேறு எண்ணுக்கு மாற்றுவது வழக்கமாகிவிட்டது. கோளாறுகளும் அங்கே பிறக்கின்றன. போர்ட்டைப் பிடிப்பதில் வரும் தடைகளை டைகர் டி சோதனை கண்டுபிடிக்காது, பதிவில்தான் பார்க்க வேண்டும்.

‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்றால் அந்த எண்ணை வேறொரு நிரல் பிடித்திருக்கிறது. ‘சூடோ எஸ்எஸ் ஹைஃபன் டிஎல்என்பி’ என்று டைகர் டியோடும் பாரிஸின் பியோடும் தட்டினால் எது என்று பெயரோடு தெரியும். ‘கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்’ என்றால், ‘லிசன் அட்ரஸ்’ என்ற வரியில் எழுதியிருக்கும் ஐபி எண் இப்போது அந்தக் கணினிக்கு இல்லை. ரூட்டர் மாற்றிய பிறகு இது நடக்கும். போர்ட்டைப் பிடிக்கும்போது ‘பெர்மிஷன் டினைடு’ என்று வந்தால், ரெட் ஹேட் குடும்பத்தில் அது பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு விதிக்கும் தடை. அதை முழுவதும் அணைத்துவிடும்படி பலர் சொல்வார்கள், அது தேவையில்லை. செமேனேஜ் என்ற கருவியைக் கொண்டு, அந்தப் புதிய எண்ணை எஸ்எஸ்ஹெச்சுக்கு உரிய போர்ட் வகையில் சேர்த்தால் போதும். உபுண்டு 24.04இல் போர்ட்டை மாற்றினால் ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன் ஹைஃபன் ரீலோட்’ என்று தட்டிவிட்டு, சாக்கெட் யூனிட்டையும் மறுபடி கிளப்ப வேண்டும்.

‘ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்ற செய்தி, மேம்படுத்தல் பாதியில் நின்றதைக் காட்டுவது. அப்போது அமைப்புக் கோப்பைத் தொடாமல், நின்றுபோன மேம்படுத்தலை முழுமையாக முடித்துவிடுங்கள்.

கிளப்பிய பிறகு

காரணத்தை நீக்கியதும் சோதனையை ஒரு முறை ஓட்டி, அது பேசாமல் முடிந்த பிறகே ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் எஸ்எஸ்ஹெச்’ என்று தட்டுங்கள். பலமுறை முயன்றதால் ‘ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ க்விக்லி’ என்று மறுத்தால், ‘ரீசெட் ஹைஃபன் ஃபெயில்டு’ என்ற துணைக் கட்டளையால் அந்தக் கணக்கை அழித்துவிட்டு மறுபடி கிளப்பலாம். பிறகு உங்கள் இடத்திலிருந்து புதிய சாளரம் ஒன்றில் நுழைந்து பாருங்கள்; பழைய சாளரம் இருந்தால் அது திறந்தே இருக்கட்டும்.

கடைசியாக, ‘சிஸ்டம்சிடிஎல் இஸ் ஹைஃபன் எனேபிள்டு எஸ்எஸ்ஹெச்’ என்று கேட்டு, அடுத்த முறை கணினி கிளம்பும்போதும் சேவை தானாக எழுமா என்று பாருங்கள்; உபுண்டுவின் புதிய பதிப்பு என்றால் சாக்கெட்டின் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள். இதற்கு ‘எனேபிள்டு’ என்ற பதில் வந்தாலும் நான் அதோடு விடுவதில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில், யாரும் பில் போடாத பத்து நிமிடம் பார்த்து, எதிரில் ஆள் இருக்கும்போதே கணினியை முறையாக ஒரு முறை அணைத்துக் கிளப்பச் சொல்கிறேன். அது எழுந்து, நான் கோயம்புத்தூரிலிருந்து மறுபடி உள்ளே நுழைந்த பிறகுதான், மானிட்டர் வயரைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று அந்தத் தம்பிக்குச் சொல்வேன்.